பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு: வலி, காயம், காரணங்கள் பற்றி சேலத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் மனநல சிகிச்சைக்கு வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. அம்மாப்பேட்டைத் தறிக்காரர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள், ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். ‘பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்’ என்று டாக்டர் எழுதிய சீட்டோடு வெளியே வந்ததும் அவர்கள் கேட்பதையும், பாதிக்கப்பட்டவர்களே தயங்கித் தயங்கிக் கேட்பதையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இந்த நிமிஷம் உங்களுக்கு இருந்தால் மற்றதைப் பிறகு படிக்கலாம். முதலில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இது என்ன மாதிரியான நோய்?

உணர்ச்சி சட்டென்று ஏறும், உச்சிக்குப் போகும், இறங்க வெகுநேரம் ஆகும். அடிப்படை அதுதான். நெருங்கியவர் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயம், நேற்று தெய்வமாகத் தெரிந்தவர் இன்று துரோகியாகத் தெரிவது, தான் யார் என்பதிலேயே குழப்பம், உள்ளே எல்லாம் காலியாகிவிட்டது போன்ற தவிப்பு, யோசிக்காமல் செய்துவிடும் காரியங்கள், அடக்க முடியாத கோபம், தன்னையே காயப்படுத்திக்கொள்வது எல்லாம் அதையொட்டி வருபவை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 9 அறிகுறிகளைச் சொல்கிறது. அதில் குறைந்தது 5 அறிகுறிகள் நீண்ட காலமாக, பல சூழ்நிலைகளிலும் இருந்தால்தான் இந்த நோய் என்று முடிவு செய்வார்கள். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது இருக்கிறது.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். கணவர் மினி லாரியில் ஏற்காட்டுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறார். கொண்டை ஊசி வளைவுகள் 20. நடுவழியில் சிக்னல் போய்விடுகிறது. வீட்டிலிருந்து மனைவி போன் போட்டால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வருகிறது. மலையில் இருப்பார் என்று நாம் விட்டுவிடுவோம். இந்த நோய் உள்ளவருக்கும் அது தெரியும். தெரிந்தும் நெஞ்சு படபடக்கும், என்னை வேண்டாமென்று முடிவு செய்துவிட்டார் என்று தோன்றும், சில நிமிஷத்தில் அந்த எண்ணமே உண்மையாகிவிடும். திரும்பத் திரும்ப போன், திட்டி மெசேஜ், பிறகு கெஞ்சி மெசேஜ். மேலே போய்ச் சேர்ந்தவர் “என்னாச்சு கண்ணு, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க?” என்று கேட்டதும் கோபம் வடிந்துவிடும். அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்காரும். பல நேரங்களில் காயம் நடப்பது கோபத்தில் இல்லை, அந்த வெட்கத்தில்.

இந்த நோய்க்கான முக்கிய சிகிச்சை முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், இவர்களை உடம்பெல்லாம் தீக்காயம் பட்டவர்களுக்கு ஒப்பிட்டார். மெல்லத் தொட்டாலும் துடிப்பார்கள். லினஹன் இளம் வயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்தவர், தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர். 2011-ல் அதை வெளிப்படையாகச் சொன்னார்.

பைபோலார் என்று ஒரு டாக்டர் சொன்னார், பார்டர்லைன் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

பைபோலார் என்ற இருதுருவ மனநிலைக் கோளாறில் மனநிலை மாற்றம் பல நாள், பல வாரம் நீடிக்கும், பெரும்பாலும் வெளிக்காரணம் தேவைப்படாது. இங்கே சில மணி நேரத்தில் மாறும். பெரும்பாலும் ஒரு பேச்சு, ஒரு பார்வை, எடுக்காத ஒரு போன் அதைத் தூண்டியிருக்கும். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். இரண்டு சீட்டுகளையும் ஒரே டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

வளர்ப்பு சரியில்லை என்று என் மாமியார் சொல்கிறார். அப்படியா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அழாத அம்மாவை நான் பார்த்ததில்லை. இதற்குப் பொறுமையாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. ஸ்வீடனில் 18 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, இந்த நோய் யாருக்கு வருகிறது என்ற வேறுபாட்டில் சுமார் 46 சதவீதம் மரபணுவோடு தொடர்புடையது என்று தெரிந்தது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு 46 சதவீதம் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. மக்கள் தொகை முழுவதையும் வைத்துப் போட்ட கணக்கு இது. மீதி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அமைந்த சூழலும் அனுபவமும்.

அந்த அனுபவங்களில் சின்ன வயதுக் கொடுமை கனமானது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இந்த நோய் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு, மனதைக் குத்தும் பேச்சு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எதையும் சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். கொடுமைக்கு ஆளான பிள்ளைகள் பலருக்கு இந்த நோய் வருவதும் இல்லை. ஆனால் மாமா தொட்டார், பக்கத்து வீட்டு அண்ணன் தொட்டார் என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். ‘வெளியே சொல்லாதே, குடும்ப மானம் போயிடும்’ என்ற வார்த்தை, நடந்ததைவிட ஆழமாக இறங்கிவிட்டதாக வளர்ந்த பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண்.

கொடுமையே இல்லாத வீட்டில் எப்படி வருகிறது? லினஹன் சொல்லும் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பிறவியிலேயே உணர்ச்சி வேகம் கூடிய ஒரு குழந்தை, அந்த வேகத்தைப் புரிந்துகொள்ளாத ஒரு சூழல். இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். ‘பயமா இருக்கும்மா’ என்றால் ‘இதுக்கெல்லாமா பயப்படுவாங்க’ என்று பதில் வரும். ஆனால் அழுது புரண்டு பாத்திரத்தை வீசினால் எல்லோரும் ஓடி வருவார்கள். மெதுவாகச் சொன்னால் பலிக்காது என்பதைக் குழந்தை படித்துக்கொள்கிறது. இதில் கெட்டவர் யாரும் இருக்க வேண்டியதில்லை. இரண்டு தறி ஓடும் வீட்டில், சத்தத்துக்கு மேல் கத்தினால்தான் அம்மா காதில் விழும். கூலிக்காகத் தறியை நிறுத்த முடியாத அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அவளுடைய மற்ற மூன்று பிள்ளைகளும் அதே சத்தத்தில் நன்றாகத்தான் வளர்ந்திருப்பார்கள்.

ஏற்காட்டு ஹாஸ்டலில் விட்டதுதான் காரணமா?

ஹாஸ்டல் மட்டும் காரணமாகாது. அங்கே தங்கிப் படித்து நன்றாக இருப்பவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் பிரிவைத் தாங்க முடியாத இயல்புள்ள பிள்ளைக்கு, அங்கே கேலியோ கொடுமையோ நடந்து, ஞாயிற்றுக்கிழமை போனில் அழுதபோது ‘பழகிடும் சாமி’ என்று மட்டும் பதில் கிடைத்திருந்தால் அது ஒரு சுமையாகச் சேர்ந்திருக்கலாம். இன்று அதைப் பற்றி அவளே பேச வந்தால் ‘உன் நல்லதுக்குத்தானே செஞ்சோம்’ என்று ஆரம்பிக்காமல், அவள் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.

காயப்படுத்திக்கொள்ளும்போது வலிக்கவே இல்லை என்கிறாள். பொய் சொல்கிறாளா?

இல்லை. பலருக்கு அந்த நேரத்தில் வலி குறைவாகத் தெரிகிறது, சிலருக்குத் தெரிவதே இல்லை.

ஜெர்மனியில் மார்ட்டின் போஹுஸும் அவரோடு வேலை செய்தவர்களும் 2000-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இந்த நோய் உள்ள, காயத்தின்போது வலி தெரிவதில்லை என்று சொன்ன பெண்களைக் குளிர்ந்த நீரில் கை வைக்கச் சொன்னார்கள். மனம் அமைதியாக இருக்கும்போதே மற்றவர்களைவிட இவர்களுக்கு வலி குறைவாகத் தெரிந்தது. மனம் கொதித்திருந்தபோது இன்னும் குறைந்தது. நரம்பு கெட்டுப்போயிருக்கிறதா என்று பிறகு சோதித்தார்கள். கெடவில்லை. செய்தி மூளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. இது எவ்வளவு மோசம் என்று மூளை எடை போடும் இடத்தில்தான் மாற்றம். 2006-ல் ஸ்கேன் செய்து பார்த்தபோது, சூட்டினால் வலி கொடுக்கப்பட்ட நேரத்தில், பயத்தையும் பதற்றத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்திருந்தது.

அதாவது உடம்பின் வலி, மனதின் கொதிப்பைச் சிறிது நேரம் தணிக்கிறது. வலி நிற்கும் தருணத்தில் ஒரு நிம்மதி வருவது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு, ஆய்வுக்கூடத்தில் அது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. உடம்பே சுரக்கும் வலி நிவாரணிகளான எண்டார்ஃபின் போன்றவை, தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர்களிடம் இயல்பிலேயே குறைவாக இருக்கலாம் என்றும் ஒரு கருத்து இருக்கிறது. அந்த நிம்மதி சில நிமிஷம்தான். அதன்பின் குற்ற உணர்வும், மறைக்க வேண்டிய தழும்பும், அடுத்த கொதிப்பும். மே மாத சேலத்து வெயிலில் முழுக்கை சட்டையைக் கழற்றாத பிள்ளையைப் பார்த்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.

ஒரு ஆறுதலான விஷயம்: காயப்படுத்திக்கொள்வதை நிறுத்தியவர்களிடம் வலி உணர்வு மெல்ல இயல்புக்குத் திரும்புவதாக 2009-ல் வந்த ஆய்வு காட்டியது.

வலி தெரியாதவளுக்கு எப்போதும் தலைவலி, இடுப்புவலி, உடம்புவலி எப்படி வரும்?

இங்கேதான் டாக்டர்களே தடுமாறுகிறார்கள். தானே உண்டாக்கும், திடீரென்று வந்து போகும் வலி குறைவாகத் தெரிகிறது. தானாக வந்து தங்கிவிடும் வலி மற்றவர்களைவிட அதிகமாக வாட்டுகிறது. நாள்பட்ட வலிக்காக சிகிச்சை பெறுபவர்களை ஆராய்ந்தவர்கள், ஏறக்குறைய 30 சதவீதம் பேரிடம் இந்த ஆளுமைக் கோளாறு இருப்பதாகக் கணித்தார்கள். ஒற்றைத் தலைவலி, முதுகுவலி, உடம்பெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா எல்லாம் இவர்களிடம் கூடுதல். நோய் தணியாதவர்களிடம் இவை அதிகமாகவும், தணிந்தவர்களிடம் குறைவாகவும் இருந்ததையும் கண்டிருக்கிறார்கள்.

தூக்கமின்மை, எப்போதும் இறுகியிருக்கும் தசைகள், சின்ன வயது அதிர்ச்சி, சோர்வு எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. மூளையில் உடம்பு வலியும் ஒதுக்கப்பட்ட வலியும் ஓரளவு ஒரே பகுதிகளைப் பயன்படுத்துகின்றன. 2003-ல் ஒரு ஆய்வில், கணினியில் பந்து வீசும் விளையாட்டிலிருந்து ஒருவரை ஒதுக்கிவைத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். வலியின் துயரத்தோடு தொடர்புடைய பகுதி மூளையில் விழித்துக்கொண்டது.

நம் ஊரில் நடப்பதைச் சொல்கிறேன். நாள் முழுக்கக் குனிந்து கொலுசுக்குப் பற்று வைக்கும் பெண்ணுக்குத் தோள்வலி இருக்கும்தான். அதோடு இந்த நோயும் இருந்தால், வலி வந்த நாளில் மனம் கொதிக்கும், மனம் கொதித்த நாளில் வலி ஏறும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் வீட்டில் ‘எல்லாம் நடிப்பு’ என்பார்கள். அது நடிப்பு இல்லை. மெடிக்கல் ஷாப்பில் தானே கேட்டு வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரையும் நரம்பு மாத்திரையும் பழக்கமாகிவிடும், பதற்றமான இரவில் ஆபத்தாகவும் முடியும். வலிக்குப் பார்க்கும் டாக்டரும் மனநல டாக்டரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கும்படி, எல்லாச் சீட்டையும் ஒரே ஃபைலில் வைத்திருங்கள்.

ஆடியில் அலகு குத்துகிறார்கள், பூ மிதிக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. சேலம் குகைப் பகுதியின் வண்டி வேடிக்கையும் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இதை உண்மையான குழப்பத்தோடு கேட்கிறார்கள். நேர்த்திக்கடனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கிறார்கள், ஊரே கூட நிற்கிறது, சொந்தக்காரர்கள் தாங்கிப் பிடிக்கிறார்கள், முடிந்ததும் மாலை விழுகிறது. தன்னைக் காயப்படுத்திக்கொள்பவர் கதவைச் சாத்திக்கொள்கிறார், யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைக்கிறார், முடிந்ததும் வெட்கப்படுகிறார். மருத்துவக் கையேடே சமயச் சடங்குகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோயிலுக்குக் கூட்டிப் போவதில் எனக்கு மறுப்பே கிடையாது, மனம் ஆறினால் நல்லது. பேய் என்று சொல்லி அடிப்பதும், மாத்திரையை நிறுத்துவதும் மட்டும் கூடாது.

எங்களைப் பயமுறுத்தத்தானே இப்படிச் செய்கிறாள்?

யாருக்கும் தெரியாமல் செய்து மறைப்பவரே அதிகம். வேறு வழியில் உதவி கேட்டுப் பலிக்காமல், கடைசியில் காயத்தால் கேட்பவர்களும் உண்டு. அப்படியே இருந்தாலும் கேட்பது உதவிதானே? இந்த நோய் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேர் ஏதோ ஒரு கட்டத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். பெரும்பாலான நேரம் அது சாவதற்காக இல்லை. ஆனால் நீண்டகாலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் 3 முதல் 6 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்திருக்கிறார்கள், பழைய மதிப்பீடுகள் 10 சதவீதம் வரை சொன்னன. ‘சும்மா மிரட்டுறா’ என்று தள்ள முடியாத எண்ணிக்கை அது.

சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் தூண்டிவிட்டது போல ஆகாதா?

ஆகாது. கேட்பதால் எண்ணம் புதிதாக வருவதில்லை, பலருக்குச் சுமை இறங்குகிறது. ‘செத்துப்போகணும்னு தோணுதா கண்ணு?’ என்று அமைதியாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும், தோட்டத்திலும் பட்டறையிலும் உள்ள ஆபத்தான பொருள்களையும் பூட்டிச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவையுங்கள். கொதிப்பின் உச்சம் கடந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது.

காயத்தைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும்?

முதலில் காயத்தைப் பாருங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஆழமாக இருந்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ, எதையாவது விழுங்கியிருந்தாலோ உடனே 108. அடிக்க வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம். ‘உனக்கு என்னடி குறை வெச்சோம்’ என்ற கேள்வியை அன்றைக்கு விட்டுவிடுங்கள். ‘ரொம்பத் தாங்க முடியாம இருந்திருக்கு, நான் இங்கதான் இருக்கேன்’ என்றால் போதும்.

மருத்துவமனையில் தையல் போடும்போது மரத்துப்போகும் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். ‘வலிக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும்’ என்று சொல்லி ஊசி போடாமலே தைத்ததை ஒரு பெண் என்னிடம் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம், அதன்பின் காயத்துக்காக எங்கேயும் போகவில்லையாம். கொதிப்பில் தெரியாத வலி, தையல் மேஜையில் முழுதாகத் தெரியும். மரத்துப்போகும் ஊசி எல்லா நோயாளிக்கும் உள்ள உரிமை, இவர்களுக்கும்தான்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?

மருத்துவமனையில் பதிவு செய்து காவல்துறைக்குத் தகவல் சொல்லலாம், வந்து விசாரிக்கலாம். ஆனால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 115-ஆவது பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அதற்கு மாறாக நிரூபிக்கப்பட்டால் தவிர, வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆவது பிரிவும் 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் இல்லை. கேஸுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்திருந்து பிள்ளையை இழந்துவிடாதீர்கள்.

மாத்திரையில் சரியாகுமா?

இந்த நோய்க்கென்றே ஒப்புதல் பெற்ற மாத்திரை எதுவும் இல்லை. கூடவே இருக்கும் மனச்சோர்வு, தூக்கமின்மை, பதற்றத்துக்கு மருந்து தரலாம், அது உதவும். லாமோட்ரிஜின் என்ற மருந்தை பிரிட்டனில் 276 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. வெற்று மாத்திரையைவிட அது மேலானதாக இல்லை. தூக்கத்துக்கென்று தரப்படும் அல்பிரசோலம் வகை மாத்திரைகள் சிலருக்கு இருக்கும் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும், டாக்டர் சொன்ன அளவுக்கும் நாளுக்கும் மேல் வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடும் எதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

பிறகு எதுதான் சிகிச்சை?

பேச்சு சிகிச்சை. லினஹனின் டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) முறையில், கொதிப்பைத் தாண்டுவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவில் கேட்க வேண்டியதைக் கேட்பது, நடப்பதை அப்படியே கவனிப்பது என்று நான்கு திறன்களைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தற்கொலை முயற்சிகளையும் காயங்களையும் குறைத்ததை 1991-லேயே காட்டினார்கள். கொதிப்பின் உச்சத்தில் முகத்தைக் குளிர்ந்த நீரில் சில நொடி அமிழ்த்துவது அதில் ஒரு உத்தி, இதயத் துடிப்பு இறங்கும். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

அதை முழுமையாக நடத்தும் இடம் எல்லா ஊரிலும் கிடைக்காது என்று மனம் தளர வேண்டாம். கனடாவின் டொராண்டோவில் 180 பேரை வைத்து 2009-ல் ஒப்பிட்டார்கள். ஒரு பாதிக்கு டி.பி.டி., மறு பாதிக்கு இந்த நோயைப் புரிந்த டாக்டர் ஒருவர் வாராவாரம் ஒழுங்காகப் பார்ப்பது. ஒரு வருஷத்தில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். டாக்டரை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, ஒருவரிடம் விடாமல் போவது பலன் தரும். சண்டை போட்டுவிட்டு வந்தாலும் அடுத்த வாரம் அதே கதவைத் தட்டலாம். அந்தச் சண்டையைப் பற்றிப் பேசுவதே சிகிச்சைதான்.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. நோயை மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் இரண்டு பேர் அவதிப்படுவார்கள். சிகிச்சையில் நிலைத்தபின், தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் துணை கிடைத்தால் நல்ல குடும்பம் நடத்த முடியும், நடத்துகிறார்கள்.

இது பெண்களுக்குத்தான் வருமா?

சிகிச்சைக்கு வருபவர்களில் பெண்களே அதிகம். வீடு வீடாக எடுத்த பெரிய ஆய்வில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆண்களை நாம் டாஸ்மாக்கிலும் அடிதடி வழக்கிலும் தேடிவிட்டு, மனநலப் பிரிவில் தேடுவதில்லை.

வாழ்நாள் முழுக்க இப்படியே இருக்குமா?

இருக்காது. அமெரிக்காவில் மேரி ஜனாரினி குழுவினர், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையாக இருந்தவர்களைப் பத்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் குறைந்தது இரண்டு வருஷம் தணிந்திருந்தன. வேலையிலும் உறவிலும் நன்றாக நிலைத்தவர்கள் பாதிப் பேர்தான், அங்கே உதவி அதிகம் தேவைப்படுகிறது. காயப்படுத்திக்கொள்வது மற்ற அறிகுறிகளைவிட சீக்கிரம் குறையும், உள்ளே இருக்கும் வெறுமையும் தனிமைப் பயமும் மெதுவாகத்தான் போகும். காயம் நின்றதும் குணமாகிவிட்டது என்று சிகிச்சையை நிறுத்தினால், அந்த மெதுவான பகுதியில் அவள் தனியாகிவிடுவாள்.

சேலத்தில் எங்கே போவது?

அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் புறநோயாளிச் சீட்டு போடும்போது மனநலப் பிரிவு என்று சொல்லுங்கள். ஏற்காடு, ஆத்தூர், ஓமலூர் பக்கம் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் எந்த நாள் வருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் ஏற முடியாத நாளில் 14416 டெலி மானஸ், அல்லது தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104. முதல் தடவை போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், எப்போது எதனால் கொதிப்பு வந்தது என்று எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள். அவளுடைய ஆதங்கத்தை அவளே சொல்லட்டும், நீங்கள் பேசுவதற்கு டாக்டரிடம் தனியாக நேரம் கேளுங்கள்.